வாய்தா யாருக்கு லாபம்? உங்கள் சிவில் வழக்கில் வருஷங்கள் எங்கே போகின்றன

புனே மெட்ரோவின் இரண்டு தடங்களும் சந்திக்கும் இடம் சிவாஜிநகர் மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இருக்கு. 2023 ஆகஸ்ட்டில் திறந்தபோது அந்த ஸ்டேஷனுக்கு 'சிவில் கோர்ட்' என்றே பெயர். தேஹு ரோட்டில் குடியிருப்பவர் லோனாவாலா லோக்கலைப் பிடித்து சிவாஜிநகரில் இறங்கினாலும் கோர்ட் வாசல் பக்கம்தான். போய்ச் சேருவதில் ஒரு சிரமமும் இல்லை. வழக்கை முடித்துக்கொண்டு திரும்புவதுதான் கஷ்டம்.

ராணுவக் கிடங்கு வேலைக்காக வந்து தேஹு ரோட்டிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இன்று அவர்களுடைய பிள்ளைகளும், ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்களும், கன்டோன்மென்ட் எல்லைக்கு வெளியே ராவேத், கிவளே பக்கம் வீடு பார்க்கிறார்கள். நீங்களும் அப்படி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழைய ஃபிளாட்டுக்கு விற்பனை ஒப்பந்தம் எழுதி 12 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தீர்கள். விற்பவர் பத்திரம் பதிய வரவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. போலீஸில் கேட்டால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள்.

சரி, போகிறீர்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும்? ஏன் அவ்வளவு காலம் ஆகிறது? இதைச் சரிசெய்ய நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் இருபது வருஷத்துக்கு மேலாக முயன்றும் உங்கள் மாதிரி ஆட்களுக்கு ஏன் பெரிய மாற்றம் தெரியவில்லை?

சட்டப் புத்தகத்தில் எத்தனை நாள்?

இந்தியா முழுக்க சிவில் வழக்கு நடத்தும் முறையைச் சொல்வது 1908-ம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம். வக்கீல்கள் சுருக்கமாக சி.பி.சி. என்பார்கள். தமிழ்நாட்டில் முன்சீப் கோர்ட்டுக்குப் போனாலும், புனேயில் போனாலும் இதே புத்தகம்தான். கோர்ட் மொழிதான் மாறும்: இங்கே கீழமை நீதிமன்றங்களில் மராத்தி.

இந்தப் புத்தகத்தை மட்டும் வாசித்தால் உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். நீங்கள் பிராது கொடுத்த 30 நாளுக்குள் எதிராளிக்கு சம்மன் அனுப்ப ஏற்பாடு செய்யணும். சம்மன் கிடைத்த 30 நாளில் அவர் எதிர்வழக்குரை தரணும். நீதிபதி காரணம் எழுதி நீட்டித்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது. விசாரணை முழுக்க ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. சாட்சி முதல் விசாரணையை வாயால் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தால் போதும். குறுக்கு விசாரணை மட்டும் நேரில். வாதம் முடிந்த 30 நாளில் தீர்ப்பு, மிஞ்சினால் 60 நாள்.

இன்னொரு விதியும் உண்டு, பலருக்குத் தெரியாது. "என் வக்கீல் இன்னைக்கு வேற கோர்ட்ல இருக்கார்" என்பது வாய்தா கேட்க ஒரு காரணமே இல்லை என்று கட்டளை 17-ல் எழுதியே வைத்திருக்கிறார்கள். எந்தக் கோர்ட் வராந்தாவிலாவது அரை மணி நேரம் நின்று பாருங்கள், அந்தக் காரணத்தை எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று.

எல்லா நாளையும் கூட்டினால் சாதாரண வழக்கு இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தேசிய நீதித்துறை தரவுத் தொகுப்பைத் திறந்தால் வேறு கணக்கு தெரியும்: மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி சிவில் வழக்குகள் நிலுவையில் இருக்கு.

புனேவுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசித்திரப் புகழும் உண்டு. 1205-ல் தொடங்கிய வழக்கு ஒன்று 1966 ஏப்ரல் 28 அன்று புனேவில் தீர்ந்ததாக, 761 வருஷக் கணக்கோடு, கின்னஸ் புத்தகம் உலகின் மிக நீண்ட வழக்கு என்று போட்டது. விழாக்களில் யாருக்கு முன்னுரிமை, யார் தலைமை என்பதுதான் தகராறாம். 1205-ல் இந்தப் பகுதியை ஆண்டது யாதவர்கள்; அந்தக் காலத்துப் பஞ்சாயத்தையும் இன்றைய கோர்ட்டையும் ஒரே வழக்காக எண்ணுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். ஆனால் கோயில் முதல் மரியாதைக்காகத் தலைமுறை தலைமுறையாக மோதுவது என்றால் நம் ஊர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை.

சேலத்து வக்கீல்கள் போட்ட வழக்கு

மேலே சொன்ன கறார் காலக்கெடுகள் 1908-ல் இல்லை. 1999, 2002 ஆண்டுகளின் திருத்தச் சட்டங்கள் வழியாக வந்து, 2002 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தவை. வந்த வேகத்தில் நாடு முழுக்க வக்கீல்களிடம் எதிர்ப்பு. அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதில் முன்னே நின்றது நம்ம ஊர் சேலம் வழக்கறிஞர் சங்கம். அதனால் இந்தியாவில் சட்டம் படிக்கும் எல்லாருமே 'சேலம் பார்' என்ற பெயரைப் படித்தாக வேண்டும்.

2002-ல் ஒரு தீர்ப்பு, 2005 ஆகஸ்ட்டில் இன்னொரு தீர்ப்பு. திருத்தங்கள் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இரண்டு இடத்தில் தளர்த்தியது. எதிர்வழக்குரைக்கான 90 நாள் என்பது வழிகாட்டும் விதி. விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் நீதிபதி அதற்கு மேலும் அனுமதிக்கலாம். மூன்று வாய்தாவும் அப்படித்தான்: கட்சிக்காரரின் கைமீறிய காரணம் இருந்தால் நாலாவதும் தரலாம். எப்படிப்பட்ட காரணம்? திடீரென ஆஸ்பத்திரியில் சேர்வது, விபத்து, போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி என்று தீர்ப்பே உதாரணம் சொன்னது.

இதில் தப்பு சொல்ல முடியாது. சுனாமியில் வீடு போனவர் 91-வது நாள் வந்தார் என்பதற்காக அவர் தரப்பையே கேட்காமல் தீர்ப்பு எழுதுவது நீதி ஆகாது. வக்கீல் வைக்கக் காசு புரட்ட முடியாத ஏழைப் பிரதிவாதிக்கும், சம்மனே ஒழுங்காகக் கையில் கிடைக்காதவருக்கும் கறார் கெடு கழுத்தில் விழும் கத்திதான். நடைமுறை விதி நீதிக்குப் பணியாள், எஜமான் அல்ல என்பது கோர்ட்டுகள் பழக்கமாகச் சொல்லும் வாதம்.

ஆனால் சுனாமிக்காகத் திறந்து வைத்த கதவு வழியாக யார் போனார்கள்? உங்கள் 12 லட்சத்தை வைத்திருக்கும் ஆள் போனார். அவருக்குக் காய்ச்சல், வக்கீலுக்கு வேறு கோர்ட், ஆவணம் கிடைக்கவில்லை, ஊரில் ஒரு விசேஷம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். பட்டியலில் அன்றைக்கு 50 வழக்குக்கு மேல் வைத்திருக்கும் நீதிபதிக்கு, வாய்தா கொடுப்பது அந்த நிமிஷத்தின் வேலையைக் குறைக்கவும் செய்யும்.

கெடுவைக் கெடுவாக வைக்கச் சட்டத்துக்குத் தெரியாதா?

தெரியும். இதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம்.

2015-ல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. அதே சி.பி.சி.யைத்தான் வணிகத் தகராறுகளுக்காக மட்டும் திருத்தினார்கள். எதிர்வழக்குரைக்கு 30 நாள். நீட்டித்தால் 120 நாள். 120 முடிந்தால் பதில் சொல்லும் உரிமையே போய்விடும், நீதிபதி அந்தக் காகிதத்தைக் கோப்பில் வாங்கவே கூடாது என்று எழுதினார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றமும் 'ஆமாம், இது கட்டாய விதி' என்றது. அதே நீதிபதிகள், அதே வக்கீல்கள், அதே கட்டடம். ஒரு வரியை வேறு மாதிரி எழுதியதும் கெடு கெடுவாகிவிட்டது.

இன்னும் சில வசதிகளும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆரம்பத்திலேயே நீதிபதி இரு தரப்பையும் உட்கார வைத்து, எந்தத் தேதியில் எந்தச் சாட்சி, எப்போது வாதம் என்று கால அட்டவணை போட்டுவிடுவார். எதிராளிக்கு உண்மையான வாதமே இல்லை என்று தெரிந்தால் சாட்சி விசாரணை இல்லாமலே சுருக்கத் தீர்ப்பு கேட்கலாம். தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுப்பதே பொது விதி. அவசர நிவாரணம் எதுவும் கேட்காத வழக்கு என்றால், தாக்கல் செய்யும் முன்பே சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும்; 2022-ல் உச்ச நீதிமன்றம் இதையும் கட்டாயம் என்று உறுதிசெய்தது.

முதலில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுக்கு மட்டும் இருந்த இந்தச் சட்டம், 2018 முதல் 3 லட்சம் ரூபாய் தகராறுக்கே பொருந்துகிறது. உங்கள் 12 லட்சத்துக்குப் பொருந்தாதா என்று கேட்பீர்கள். பொருந்தாது. நீங்கள் வாங்கப் போனது குடியிருக்க ஒரு வீடு. அசையாச் சொத்து வணிகத்துக்கென்றே பயன்படுத்தப்பட்டு வந்தால்தான் அது வணிகத் தகராறு. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு 4 லட்சத்துக்கு சரக்கு கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்றால் 120 நாள் கறார் கெடு. நீங்கள் ஆயுள் சேமிப்பைக் கொடுத்த வீட்டுக்கும், உங்கள் அம்மாவின் பாகப்பிரிவினை வழக்குக்கும் நெகிழ்வான 90 நாள்.

இதே மாதிரி இன்னொரு வேகத்தடம் உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். புனேவில் வாடகைக்கு இருந்தால் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, பிரிவு 24-ன்படி, காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் வீட்டுக்காரர் சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தகுதி பெற்ற அதிகாரியிடம் போவார். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் 'எனக்கு எதிர்வாதம் செய்ய அனுமதி வேண்டும்' என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் போடணும். போடாவிட்டால் வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். தங்கிய நாளுக்கு இரட்டிப்பு வாடகையும் கட்டணும். மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மட்டும்தான். உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடிய விதிதான். ஆனால் கெடு வைத்தால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி கிடைக்காது.

வியாபாரிக்கு ஒரு வேகத்தடம், வீட்டு உரிமையாளருக்கு ஒன்று. பெரும்பாலான மக்கள் கோர்ட்டுக்குப் போகும் நிலம், வீடு, சொத்துப் பங்கு ஆகியவைதான் பழைய தடத்தில் நிற்கின்றன.

இழுத்தால் எவ்வளவு செலவு?

உங்கள் எதிராளி ஏன் இழுக்கிறார்? குணம் கெட்டவர் என்பதால் மட்டும் இல்லை. கணக்கு அவருக்குச் சாதகமாக இருப்பதால்.

சி.பி.சி. பிரிவு 34-ஐப் பாருங்கள். பணத்துக்கான டிக்ரி ஆன பிறகு, வணிகப் பரிவர்த்தனை அல்லாத தொகைக்கு அதிகபட்ச வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். 12 லட்சத்துக்கு வருஷம் 72,000 ரூபாய். இதே தொகையை அவர் பேங்கில் பர்சனல் லோனாக வாங்கினால் 6 சதவீதத்துக்கு யாராவது கொடுப்பார்களா? வழக்கு நடக்கும் காலத்துக்கான வட்டி நீதிபதியின் விருப்புரிமை. ஆக, உங்கள் பணம் அவருக்குக் கிடைத்த மலிவான கடன்.

பொய் வாதம் வைத்து இழுத்தால் தண்டச் செலவு உண்டே? உண்டு, பிரிவு 35-ஏ. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-ல் வைத்த தொகை. 2011-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டி, குறைந்தது ஒரு லட்சமாகவாவது உயர்த்தலாம் என்று யோசனை சொன்னது. வணிக வழக்குகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். சாதாரண வழக்குகளுக்கு இன்றும் அதே 3,000.

வாய்தாவுக்கென்று விதிக்கும் செலவுத்தொகை பெரும்பாலும் சில நூறு ரூபாய், சில ஆயிரம் ரூபாய். நீங்கள் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, தேஹு ரோட்டிலிருந்து வந்து, பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு போகிறீர்கள். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மகாராஷ்டிரம் தானே போட்டுக்கொண்ட முட்டுக்கட்டை

சீர்திருத்தம் என்ற பெயரில் வருவதெல்லாம் வேகம் கூட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கு.

அரசுக்கு எதிராக வழக்குப் போடும் முன் இரண்டு மாத நோட்டீஸ் தரணும். பம்பாயில் சிலர் அதைத் தராமலே வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை வாங்கி, பிறகு நோட்டீஸ் கொடுத்து வழக்கைத் திரும்பப் போட்டார்கள். இந்தத் தந்திரத்தைத் தடுக்க மகாராஷ்டிரம் சி.பி.சி.யில் 9-ஏ என்று தனிப் பிரிவு சேர்த்தது. 1977 முதல் அது நிலையாக நின்றது. இடைக்கால மனு விசாரணைக்கு வரும்போது 'இந்தக் கோர்ட்டுக்கு அதிகார வரம்பே இல்லை' என்று எதிராளி சொன்னால், அதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் மற்றது.

நல்ல எண்ணம்தான். நடந்தது என்னவென்றால், எல்லாப் பிரதிவாதிகளும் அந்த ஆட்சேபத்தை எழுப்ப ஆரம்பித்தார்கள். அதற்கே தனியாக எழுவினா, தனியாகச் சாட்சி, தனியாக மேல்முறையீடு. ஒரு வழக்குக்குள் இன்னொரு வழக்கு. நாற்பது வருஷம் கழித்து, 2018 ஜூன் 27 அன்று அந்தப் பிரிவை மாநிலம் நீக்கியது.

உச்ச நீதிமன்றத்துக்கும் இப்படி ஒரு அனுபவம் உண்டு. உயர் நீதிமன்றம் தரும் இடைக்காலத் தடை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகும் என்று 2018-ல் ஒரு தீர்ப்பு சொன்னது. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் விசாரணைக்கு எடுக்காதது கோர்ட்டின் தாமதம். தடையை இழந்தது மனுதாரர். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. கெடு இருந்தால் போதாது, தவறு செய்தவர் மேல் அது விழணும். இழுத்தடிக்கும் கட்சிக்காரரின் செலவைக் கூட்டும் விதியும், கோர்ட் தாமதத்துக்கு அப்பாவியைத் தண்டிக்கும் விதியும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜெயித்த பிறகு

சரி, டிக்ரி வாங்கிவிட்டீர்கள். பணமோ வீடோ கைக்கு வந்துவிடாது. மேல்முறையீடு உயர் நீதிமன்றம் வரை போனால் புனேகாரர்களுக்கு இன்னும் மும்பைதான். 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய கோலாப்பூர் அமர்வின் ஆறு மாவட்டங்களில் புனே இல்லை. அதெல்லாம் முடிந்து, எதிராளி தானாகக் கொடுக்காவிட்டால், நிறைவேற்று மனு போடணும். தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் இதை இ.பி. என்பார்கள், இங்கே 'தர்க்காஸ்த்'. சி.பி.சி.யில் இதற்கான கட்டளை 21-ல் மட்டும் நூறுக்கு மேல் விதிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்சேபம் கிளப்பலாம். பிரதிவாதியின் மச்சான் ஒருவர் வந்து 'இந்தச் சொத்தில் எனக்கும் பாத்தியம்' என்று வாசலில் நின்றால் அமீனா திரும்பிப் போய்விடுவார். அதற்குத் தனி விசாரணை. இந்தியாவில் கட்சிக்காரரின் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்ற கருத்தை லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே பதிவு செய்திருக்கிறது.

2025 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கும் சேலத்திலிருந்து போனதுதான். 1980-ல் எழுதிய நில விற்பனை ஒப்பந்தம். உங்கள் ஃபிளாட் ஒப்பந்தம் மாதிரியே. ஒப்பந்தம் எழுதியவர் ஜெயித்தார், மேல்முறையீடுகளிலும் ஜெயித்தார். நிறைவேற்று மனு மட்டும் இருபது வருஷம் ஓடியது. வழக்குப் போட்டவர் போய்ச் சேர்ந்து, வாரிசுகள் நடத்தினார்கள். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, நாட்டில் இப்படி எத்தனை நிறைவேற்று மனுக்கள் கிடக்கின்றன என்று எல்லா உயர் நீதிமன்றங்களும் கணக்கு எடுக்கணும், ஆறு மாதத்தில் முடிக்கணும் என்று உத்தரவிட்டது.

அந்த ஆண்டு அக்டோபரில் கணக்கு வந்தது. ஆறு மாதத்தில் 3,38,685 மனுக்கள் முடிந்திருந்தன. இன்னும் நிலுவை 8,82,578. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு: சுமார் 3.41 லட்சம். நாட்டின் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. தமிழ்நாட்டில் 86 ஆயிரத்துக்கு மேல். இவை எல்லாமே ஏற்கெனவே ஜெயித்தவர்களின் மனுக்கள்.

வேறு நாடுகளில் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் வூல்ஃப் பிரபு கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1999 ஏப்ரல் 26 அன்று புது விதிகள் வந்தன. வழக்கின் வேகத்தை வக்கீல்களிடமிருந்து பிடுங்கி நீதிபதியிடம் கொடுத்தார்கள். தொகைக்கும் சிக்கலுக்கும் ஏற்ப சிறு வழக்கு, வேக வழக்கு, பெரிய வழக்கு என மூன்று தடம். தேதியைத் தவறவிட்டால் பின்விளைவு உண்டு. தாமதம் குறைந்தது, ஆனால் வழக்குத் தொடங்கும் முன்பே செய்யவேண்டிய வேலை கூடியதால் ஆரம்பச் செலவு ஏறிவிட்டது என்ற குறை அங்கே உண்டு. சிங்கப்பூர் 1990-களில் தேங்கிய வழக்குகளைத் தூசு தட்டி முடித்ததோடு, விசாரணை நாள் கூடினால் கட்டணமும் கூடும் என்று வைத்தது.

இரண்டு இடத்திலும் போதுமான நீதிபதிகள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 1987-ல் சட்ட ஆணையம் சொன்னது. ஐந்து வருஷத்தில் அந்த அளவை எட்டுங்கள் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று இருப்பது சுமார் 21. அதனால் விதியை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நீதிபதி பதவிகளை நிரப்பப் பல வருஷமும் பல கோடியும் வேண்டும். 3,000 ரூபாய் வரம்பையும் 6 சதவீத வட்டியையும் மாற்ற நாடாளுமன்றத்தில் இரண்டு வரித் திருத்தம் போதும். வணிக வழக்கின் கால அட்டவணையை வீட்டு வழக்குக்கும் கொண்டுவர, சுனாமி மாதிரியான காரணத்துக்கு மட்டும் விலக்கு என்று சட்டத்திலேயே எழுத, புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய். காகிதம் கம்ப்யூட்டருக்குப் போவது நல்லதுதான். வாய்தாவும் கம்ப்யூட்டரில் வரும் என்பதுதான் என் பயம்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், எந்தத் தடத்தில் போகலாம் என்று வக்கீலிடம் கேளுங்கள். எழுத்து ஒப்பந்தப்படி இவ்வளவு என்று திட்டமாகத் தெரியும் பணம் என்றால் கட்டளை 37-ன் சுருக்க வழக்கு கிடைக்கலாம். அதில் எதிராளி 10 நாளில் ஆஜராகணும், எதிர்வாதம் செய்யவே கோர்ட்டின் அனுமதி கேட்கணும். புது ஃபிளாட், பில்டர் தகராறு என்றால் மகாரெரா. ஃப்ரீலான்ஸ் வேலைக்குக் கம்பெனி பணம் தரவில்லை, தொகை 3 லட்சத்துக்கு மேல் என்றால் வணிக நீதிமன்றத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

வீட்டு ஒப்பந்த வழக்கு என்றால், 'பத்திரம் பதிந்து கொடு' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அது முடியாவிட்டால் முன்பணத்தை வட்டியோடு கொடு' என்று பிராதிலேயே மாற்று நிவாரணமும் எழுதணும். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 22-ன்படி, கேட்காத முன்பணத்தைக் கோர்ட் தராது. வழக்கு நடக்கும்போதே அவர் வீட்டை வேறு ஆளுக்கு விற்றுவிடாமல் தடை உத்தரவு கேளுங்கள்; மகாராஷ்டிரத்தில் வழக்கு நிலுவை அறிவிப்பைப் பதிவு செய்யும் நடைமுறையும் உண்டு, அதையும் கேளுங்கள்.

எதிராளியின் சரியான முகவரி, இ-மெயில், வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் பிராதில் போடுங்கள். முதல் ஒரு வருஷம் பெரும்பாலும் சம்மன் சேராமலேதான் போகும். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக அனுப்பிய நோட்டீஸை எதிராளி திறந்து பார்த்ததற்கு டிக் அடையாளங்களே போதும் என்று ஏற்றுக்கொண்டார். 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதியும் அன்றைய உத்தரவும் உங்களுக்கே தெரியும். எத்தனை வாய்தா, யார் கேட்டது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது வாய்தா அன்று உங்கள் வக்கீல் கட்டளை 17-ஐ எடுத்துச் சொல்ல அந்தப் பட்டியல் உதவும்.

சமரசத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதலில் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005 ஏப்ரலில். லோக் அதாலத்தில் முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். 12 லட்சத்தில் 10 லட்சம் இந்த வருஷமே கிடைப்பதும், 12 லட்சத்துக்கு டிக்ரி வாங்கி 'தர்க்காஸ்த்' வரிசையில் நிற்பதும் எது மேல் என்று நீங்கள்தான் கணக்குப் போடணும். அந்தக் கணக்கைப் போட வேண்டிய நிலையில் ஜெயிக்க வேண்டியவரை வைத்திருப்பது அநியாயம்தான், இருந்தாலும் போடுங்கள்.

கடைசியாக, கோர்ட் எவ்வளவு இழுத்தாலும் உங்களுக்கான கெடு மட்டும் கறார். ஒப்பந்தத்தில் பத்திரப் பதிவுக்கு ஒரு தேதி குறித்திருந்தால் அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடணும். தேதி இல்லை என்றால், அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். இன்றைக்கே அந்தக் காகிதத்தை எடுத்து எந்தத் தேதி போட்டிருக்கு என்று பாருங்கள்.